நத்தைக் கூற்றுவன்

நமது கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் கம்பன் கவிநயமும், வள்ளுவர் வகுத்த அறமும், சங்கச் சான்றோர் கண்ட இயற்கை வனப்பும் ஆண்டுதோறும் இடம்பெறுதல் வழக்கம். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் ஒருவன் அவற்றையெல்லாம் விடுத்து ஓர் ஈயைப் பற்றி எழுதப் புகுந்தது ஏனென்று அன்பர் சிலர் வியக்கக்கூடும். வியப்பு நியாயமே. ஈ என்றவுடன் நம் நினைவில் எழுவன எச்சில் இலையும், திறந்து வைத்த பண்டமும், அவற்றால் வரும் நோயுமேயன்றோ? நான் கூறப்போகும் ஈ அத்தகையதன்று. அது சதுப்பு நிலத்தில் வாழ்வது. மனிதர் மனையை நாடாதது. சென்ற ஆண்டு வரையில் அப்படி ஒன்று உண்டென்பதையே நான் அறியேன். ஆயினும் ஏழாண்டுகளாக என் நெஞ்சில் தைத்திருந்த ஒரு முள்ளை வெளியே எடுத்ததற்கு அச்சிற்றுயிரே காரணமாயிற்று. அக்கதையைத்தான் இங்கு எழுதுகிறேன்.

விடுதியில் என்னோடு ஓர் அறையில் வசிப்பவர் விலங்கியல் மாணவர். சென்ற புரட்டாசி மாதத்தில் ஒருநாள் மாலை, கல்லூரிக்கு அப்பாலுள்ள வயல் வாய்க்காலிலிருந்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் மொண்டு வந்து தம் மேசைமேல் வைத்தார். அந்நீரில் விரல் நகத்தினும் சிறிய, மெல்லிய ஓடுடைய நத்தைகள் நாலைந்து ஊர்ந்துகொண்டிருந்தன. நீரின் மேற்பரப்பில் பழுப்பு நிறமான புழு ஒன்று தலை கீழாகவும் வால் மேலாகவும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாலின் நுனியில் மலரிதழ் போன்ற சிறு மடல்கள் விரிந்திருந்தன. அம்மடல்களில் நீர் ஒட்டாத நுண்மயிர்கள் உண்டென்றும், அவற்றின் நடுவேயுள்ள துளைகளால் அப்புழு காற்றை உட்கொள்ளுகிறதென்றும் நண்பர் விளக்கினார்.

"இதற்கு இன்னும் உணவு கிடைக்கவில்லை, பாரும்," என்று கூறி அவர் விளக்கைக் கிட்டக் கொணர்ந்தார்.

சிறிது நேரத்தில் நத்தை ஒன்று ஊர்ந்து வந்து புழுவின் அருகே தலையை நீட்டிற்று. அவ்வளவே. புழு தன் வாயிலுள்ள கரிய கொக்கியால் நத்தையின் மெல்லுடலைப் பற்றிக்கொண்டது. நத்தை திடுக்கிட்டு ஓட்டினுள் ஒடுங்கிற்று. ஒடுங்கியதால் தன் பகைவனையும் உடன் இழுத்துக்கொண்டு போயிற்று. எது அதற்கு அரணாக அமைந்ததோ அதுவே அதற்குச் சிறையுமாயிற்று. கால் நாழிகைக்குப் பின் அந்த ஓடு அசையவில்லை. புழுவின் வால் மட்டும் மூச்சுக்காக ஓட்டின் வாயிலில் தெரிந்தது. வளர்ந்து முடியுமுன் இப்படி ஒரு புழு பத்து, இருபது நத்தைகளைக் கொன்று தின்னும் என்றார் நண்பர். பின்னர் அது படகு போல நீரில் மிதக்கும் ஒரு கூடாகி, கூட்டினின்றும் ஈயாகி வெளிவரும். ஈயோ நத்தையைத் தீண்டுவதில்லை. நீர் மேல் நிற்கும் கோரைத் தண்டிலும் நெற்றாளிலும் பெரும்பாலும் தலைகீழாக அமர்ந்திருக்கும். அங்கேயே தன் முட்டைகளை ஒழுங்காக வரிசைப்படுத்தி வைக்கும்.

எங்கள் விலங்கியல் கழகத்தார் தை மாதத்தில் ஒரு கண்காட்சி நடத்துவதாக இருந்தனர். ஒவ்வொரு பொருளின் கீழும் தமிழில் பெயர் எழுதி வைக்க வேண்டுமென்பது அவர்கள் விருப்பம். "தமிழ்ப் புலவரே, இவ்வீக்கு நல்ல பெயராக ஒன்று சூட்டும்," என்று நண்பர் என்னைக் கேட்டார். புலவர் என்று விளித்தால் மகிழாத தமிழ் மாணவன் எவன்? நான் சிறிதும் தயங்காமல், "நத்தைக் கூற்றுவன்," என்றேன். நண்பர் நகைத்தார், ஆயினும் பெயர் கம்பீரமாயிருந்தமையால் ஏற்றுக்கொண்டார். நானே ஓர் அட்டையில் அதனைக் கொட்டை எழுத்துக்களில் எழுதிக் கொடுத்தேன்.

அவ்விரவு நண்பர் தாம் படித்தவற்றை எனக்குக் கூறினார். இவ்வீக்களின் குடும்பத்துக்கு சயோமைசிடே என்பது நூற்பெயர். உலகெங்கும் 500க்கு மேற்பட்ட இனங்கள் அக்குடும்பத்தில் உண்டு. அறிஞர் நெடுங்காலம் அவற்றைப் பிடித்து, ஊசியிற் குத்தி, பெயரிட்டுப் பெட்டிகளில் அடுக்கி வைத்தனர். ஆனால் அவற்றின் புழுக்கள் எதை உண்டு வாழ்கின்றன என்பதை அறிந்தார் மிகச் சிலரே. 1850இல் பெரிஸ் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றுள் ஓர் இனத்தின் புழுவை நத்தையினின்றும் பெற்று எழுதினார். அதன்பின் நூறாண்டு கழிந்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளிஃபர்டு பெர்க் என்பவர், அலாஸ்காவில் தாம் கண்ட புழுக்கள் நத்தைகளை உண்ணுதலை 1953இல் வெளியிட்டார். அவரும் அவர் மாணாக்கரும் முட்டையிலிருந்து ஈ வரையில் பல இனங்களை வளர்த்துப் பார்த்தபோது, இனத்துக்கு இனம் முறை வேறானாலும், இக்குடும்பத்துப் புழுக்களின் உணவு பெரும்பாலும் நத்தை முதலான மெல்லுடலிகளே என்பது தெளிவாயிற்று. சில நீர் நத்தையை உண்பன. சில நில நத்தையை. சில ஓடில்லா நத்தையை. சில நத்தையின் முட்டையை மட்டும். சில சிறு மட்டிகளை. பெட்டியில் நூறாண்டு கிடந்தும் தன் மறையை வெளியிடாத உயிர், வளர்த்துப் பார்த்தவனுக்கு வெளியிட்டது.

"இதனால் மனிதருக்கு யாது பயன்?" என்று நான் கேட்டேன்.

"பயன் உண்டு. ஹவாய்த் தீவுகளில் மாடுகளின் ஈரலைக் கெடுக்கும் தட்டைப்புழு ஒன்று பரவியிருந்தது. அப்புழு ஒருவகைச் சிறு நீர் நத்தையின் உடலிலே வளர்ந்துதான் மாட்டுக்குப் போகும். ஆகவே நத்தையை ஒழித்தால் நோய் ஒழியும் என்று கருதி, 1950களின் இறுதியில் மத்திய அமெரிக்காவிலுள்ள நிக்கராகுவாவிலிருந்து இக்குடும்பத்து ஈ ஒன்றைக் கொணர்ந்து அங்கே விட்டார்கள். அதன் இக்காலத்துப் பெயர் செபிடோமெரஸ் மாக்ரோபஸ். மாக்ரோபஸ் என்றால் கிரேக்க மொழியில் நெடுங்காலன் என்பதுபோலப் பொருள். பின்னங்கால்கள் அவ்வளவு நீளம். அது அத்தீவுகளில் நிலைத்தும் விட்டது," என்றார்.

நான் அவர் கூற்றில் பாதியை மட்டுமே கேட்டேன். "மாடுகளின் ஈரல்" என்ற சொல்லிலேயே என் நெஞ்சு நின்றுவிட்டது.

"அந்நோய் கண்ட மாடு எப்படியிருக்கும்?" என்று கேட்டேன்.

"மெலியும், இரத்தம் சுண்டிக் கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும், தாடையின் கீழே பை கட்டியதுபோல் நீர் கோத்து வீங்கும்," என்றார்.

நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். உறக்கம் வரவில்லை.

என் ஊர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு குளத்துப் பாசனச் சிற்றூர். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது எங்கள் வீட்டில் செவலைப் பசு ஒன்று இருந்தது. என் தந்தையைப் பெற்ற ஆச்சி அதனைக் கன்றிலிருந்து வளர்த்தாள். என் பள்ளிச் செலவில் ஒரு பங்கு அதன் பாலிலிருந்து வந்தது. அவ்வாண்டு ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகிற்று. மார்கழி விடுமுறையில் பசுவை மேய்த்து வருதல் என் வேலையாயிற்று. "எலே, மேட்டுப் பொத்தைக்கே ஓட்டிட்டுப் போ, குளத்தங்கரை ஈரத்திலே விடாதே," என்று ஆச்சி நாள்தோறும் சொல்லியனுப்புவாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அவள் மாமியார் அவளுக்குச் சொல்லியது அது. பொத்தைக்குப் போக அரைக்கல் நடக்கவேண்டும். அங்கே புல்லும் குறைவு. குளத்தின் ஓரத்திலோ நீர் வற்ற வற்றப் பச்சைப் புல் பாய் விரித்தாற்போல் முளைத்திருந்தது; கரைமேல் என் தோழர்கள் பந்தாடுவர். பசுவை நீரோரத்தில் விட்டுவிட்டு நான் விளையாடினேன். ஒரு நாளன்று, விடுமுறை முழுவதும் அவ்வாறே செய்தேன். மாலையில் அதன் வயிறு நிறைந்திருத்தல் கண்டு ஆச்சி என்னை மெச்சினாள்.

பங்குனியில் பசு இளைத்தது. பால் குன்றிற்று. சித்திரையில் தாடை வீங்கிற்று. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தபோது காலங்கடந்துவிட்டது. அவர், "புழு விழுந்திருக்கிறது," என்று மட்டும் கூறி மருந்து கொடுத்துச் சென்றார். மூன்றாம் நாள் வைகறையில் பசு எழவில்லை.

ஆச்சி புழு என்ற சொல்லைப் பற்றிக்கொண்டாள். அவ்வாண்டு எங்களுக்கு வைக்கோல் விற்றவர் மேலவீட்டுப் பாட்டனார். அவருடைய மனைவியும் என் ஆச்சியும் ஒரே ஆண்டில் அத்தெருவுக்கு மருமக்களாக வந்தவர்கள். ஒருவர் வீட்டுக் குழம்பு மற்றவர் வீட்டுக்குப் போகாத நாளில்லை. "மக்கின வைக்கோலைத் தலையிலே கட்டி என் மாட்டைக் கொன்னுட்டாங்க," என்று ஆச்சி தெருவில் நின்று அழுதாள். அவர்கள் மறுத்தனர். சொல்லுக்குச் சொல் வளர்ந்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நான் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டு நின்றேன். ஆச்சி தடுத்த இடத்தில் மேய்த்தவன் நான் என்பது எனக்குத் தெரியும். அதற்கும் பசுவின் நோய்க்கும் தொடர்புண்டோ இல்லையோ என்பது தெரியாது. தெரியாமை எனக்கு வசதியாயிருந்தது. அவ்வசதியிலேயே நான் ஏழாண்டு வாழ்ந்தேன். இரண்டாண்டுகளுக்கு முன் மேலவீட்டு ஆச்சி காலமானாள். என் ஆச்சி அன்று தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினாள்; வீட்டினுள் செல்லவில்லை.

மறுநாள் முதல் நான் நண்பரைத் துளைத்துக் கேட்கத் தொடங்கினேன். அவர் நூல் நிலையத்திலிருந்து நூல்கள் கொணர்ந்தார். தமிழ் மாணவனாகிய நான் அவற்றை எழுத்தெண்ணிப் படித்தேன்.

ஹவாயில் மாடுகளை வருத்திய தட்டைப்புழுவும் நம் நாட்டில் வருத்துவதும் ஒன்றே. ஃபாசியோலா ஜைஜான்டிகா என்பது அதன் பெயர். கோபோல்டு என்னும் ஆங்கில அறிஞர் 1855இல் ஒட்டகச்சிவிங்கி ஒன்றின் உடலிலிருந்து எடுத்து அதற்கு அப்பெயரிட்டார். இலை வடிவானது, 7 சென்டிமீட்டர் வரை நீளும். மாட்டின் ஈரலிலுள்ள பித்தக் குழாய்களில் தங்கி முட்டையிடும். முட்டை சாணத்தோடு வெளியே விழும். நீரில் விழுந்த முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் இளவுயிர் நீந்திப் புறப்படும். அதற்குச் சில மணி நேரமே வாழ்நாள். அதற்குள் ஏற்ற நத்தையைக் கண்டு துளைத்துட் புகவேண்டும், இல்லையேல் மடியும். எல்லா நத்தையும் அதற்கு ஆகா. ஏழை மக்கள் வயலிற் பொறுக்கி உண்ணும் பெரிய நத்தை அன்று. லிம்னியா குடும்பத்தைச் சேர்ந்த, மெல்லிய ஓடுடைய சிறு நத்தையே வேண்டும். புகுந்தபின் ஒன்று பலவாகி, பல நூறாகி, சில வாரங்களில் வாலுடைய சிற்றுயிர்களாய் வெளியே வரும். அவை நீரோரப் புல்லில் ஒட்டிக்கொண்டு வாலை உதிர்த்து, கூடு கட்டிக்கொண்டு காத்திருக்கும். அப்புல்லைத் தின்ற மாட்டின் குடலைத் துளைத்து ஈரலை அடையும். அங்கே முதிர்ந்து முட்டையிட ஏறக்குறைய மூன்று, நான்கு திங்களாகும். இதன் தங்கை போன்ற இன்னோர் ஈரற்புழுவின் இச்சுற்றுப் பயணத்தை 1881 முதல் 1883க்குள் இங்கிலாந்தில் தாமஸ் என்பவரும் ஜெர்மனியில் லாய்க்கார்ட் என்பவரும் தனித்தனியே ஆராய்ந்து வெளிப்படுத்தினர்.

மார்கழிக்கும் சித்திரைக்கும் இடையே நான்கு திங்கள். நான் விரல்விட்டு எண்ணினேன்.

வைக்கோலைப் பற்றியும் தேடினேன். ஈரம் விடாத வைக்கோலில் அக்கூடுகள் சில காலம் உயிரோடு இருத்தல் கூடும். ஆனால் வெயிலில் நன்றாகக் காய்ந்ததில் அவை நெடுநாள் தங்கமாட்டா. மேலவீட்டு வைக்கோல் மாசி வெயிலில் களத்திலே கிடந்து சலசலவென்று காய்ந்தது; அதன்மேல் நாங்கள் சிறுவர்கள் குதித்து விளையாடினோம். மேலும் அவ்வைக்கோல் எங்கள் வீட்டுக்கு வந்தது மாசியிற்றான். பங்குனியிலோ பசு இளைக்கத் தொடங்கிவிட்டது. இனி எனக்குத் தெரியாது என்று சொல்ல இடமில்லை.

தன் குற்றம் வெளிப்பட்டவன் வேறொரு குற்றவாளியைத் தேடுதல் இயல்புபோலும். என் சினமெல்லாம் நத்தைமேற் பாய்ந்தது. அப்பொல்லாத நத்தைகளே அன்றோ நோயைச் சுமந்து வந்தன! அவற்றைக் கொல்லும் ஈ எத்துணை நல்லது! மேசைமேலிருந்த கிண்ணத்தில் ஒவ்வொரு நத்தையாக மாண்டு வெறும் ஓடாகுவதைக் கண்டு நான் மகிழ்ந்தேன் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நத்தைக் கூற்றுவன் என்ற பெயர் எனக்கு முன்னிலும் இனித்தது.

நண்பர் அதனைக் கவனித்திருக்கவேண்டும். ஒருநாள் அவர் கூறினார்: "தட்டைப்புழு புகுந்த நத்தை என்ன ஆகிறது தெரியுமா? அதன் ஈரலையும் கருவுறுப்பையும் புழுவே தின்றுவிடும். அதற்குச் சந்ததி உண்டாவது அரிது. மாட்டுக்கு முன்பே நோய்ப்பட்டது நத்தைதான். அது நோயைச் செய்யவில்லை. அதன் மேலும் நோய் விழுந்தது."

அவர் அதனோடு நிறுத்தவில்லை. ஹவாய்த் தீவுகளின் மற்றொரு கதையையும் சொன்னார். ஆப்பிரிக்கப் பெருநத்தை 1936இல் அத்தீவுகளை அடைந்து தோட்டங்களை அழிக்கத் தொடங்கிற்று. அதனை ஒழிப்பதற்காக, நத்தையைத் தின்னும் நத்தையாகிய யூக்ளான்டினா என்பதை ஃபுளோரிடாவிலிருந்து 1955இல் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருநத்தையோடு நில்லாமல், அத்தீவுகளுக்கே உரிய அழகிய மர நத்தைகளை அவற்றின் தடம் பற்றிச் சென்று தின்றது. ஓவாகு தீவின் மர நத்தைப் பேரினம் முழுவதும் 1981இல் அழியும் நிலையிலுள்ளதாக அறிவிக்கப்பட்டது. அவற்றுள் ஓர் இனத்தின் கடைசி நத்தை, ஜார்ஜ் என்று பெயரிட்டுப் பல்கலைக்கழகச் சாலையிலே பேணப்பட்டது, 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று இறந்தது.

"ஈ அப்படிச் செய்யாதன்றோ?" என்று கேட்டேன். என் குரலில் கெஞ்சுதல் இருந்தது.

"காவாய் என்னும் தீவில் சில ஓடைகளில் மட்டுமே வாழும் சிறு கருநத்தை ஒன்று உண்டு. நியூகோம் நத்தை என்பர். அருவியும் ஊற்றும் உள்ள தூய நீரில், பாசி தின்று வாழ்வது. மாட்டுக்கும் அதற்கும் வழக்கே இல்லை. ஆனால் அதுவும் லிம்னியா குடும்பம். அது அழியக்கூடும் என்று அமெரிக்க அரசாங்கத்தார் 2000இல் பட்டியலிற் சேர்த்தபோது, அதற்கு உள்ள இடர்களுள் யூக்ளான்டினாவோடு, ஹவாய்க்குக் கொணர்ந்த சதுப்பு ஈக்கள் இரண்டையும் சேர்த்து எண்ணினார்கள். ஒன்று உம்முடைய நெடுங்காலன். மற்றொன்று பிற்பாடு கிழக்காசியாவிலிருந்து வந்தது. ஈக்கு எது குற்றமுள்ள நத்தை, எது குற்றமற்ற நத்தை என்று தெரியுமா?" என்றார்.

நான் விடை கூறவில்லை. மக்கின வைக்கோல் என்று தெருவில் எழுந்த குரல் என் செவியில் ஒலித்தது. பழி என்பதும் அவ்வாறே. கையிலிருந்து விட்டபின் அது யாரைப் பற்றும் என்பது விட்டவன் வசத்தில் இல்லை. ஆச்சி தன் துயரத்தில் பழியை விட்டாள். அது குற்றமற்ற ஒருத்தியைச் சாகும் வரையில் பற்றிக்கொண்டிருந்தது. தடுத்திருக்கக் கூடியவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றேன். ஆச்சி அடுப்பங்கரையில் முந்திரிக்கொத்துக்குப் பயற்றுமாவைப் பாகில் பிசைந்துகொண்டிருந்தாள். நான் அருகே உட்கார்ந்து உருண்டை பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நத்தையைச் சொன்னேன், புல்லைச் சொன்னேன், நான்கு திங்கள் கணக்கைச் சொன்னேன். இறுதியில், "ஆச்சி, செவலை செத்தது வைக்கோலாலே இல்லை. நான் பொத்தைக்கு ஓட்டிக்கொண்டு போகவே இல்லை, குளத்தங்கரையிலேயே விட்டேன்," என்றேன்.

அவள் கை நின்றது. நெடுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னை அடிச்சிருப்பேன்லே. அடி ஒரு நாளைக்குத்தான் வலிக்கும்," என்றாள். சற்றுப் பொறுத்து, என்னை நோக்காமலே, "அவ போயிட்டாளே. நான் யார்கிட்டே போய்ச் சொல்ல?" என்றாள்.

அவ்வினாவுக்கு விடை எந்த நூலிலும் எனக்கு அகப்படவில்லை.

பண்டிகை நாள் ஆராதனை முடிந்தபின் ஆச்சி ஒரு தூக்குச் சட்டியில் முந்திரிக்கொத்தை நிரப்பிக்கொண்டு, "நீயும் வா, சொல்ல வேண்டியவன் நீதான்," என்று என்னை மேலவீட்டுக்கு அழைத்துப் போனாள். பாட்டனார் திண்ணையில் தனியே உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவர் இடைமறிக்காமற் கேட்டார். கேட்டபின், "அவ சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருந்தா, நம்ம வைக்கோல் நல்லாத்தான் காஞ்சிருந்துதுன்னு," என்று மெல்லக் கூறினார். சட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கும் தகுதி எனக்கிருப்பதாக எண்ணவில்லை. ஆச்சி அத்திண்ணையில் ஏறி உட்கார்ந்தாள். ஏழாண்டுகளுக்குப் பின் அன்றுதான்.

விடுமுறை முடியுமுன், ஆடு மாடு வைத்திருப்போர் சிலரிடம் நான் அறிந்ததைக் கூறினேன். மழைக்குப் பின் நீர் வற்றும் குளத்தோரப் பசும்புல்லில் மாட்டை விடாதிருத்தல். அங்கே அறுத்த புல்லை நன்றாக உலர்த்திய பின்னரே போடுதல். புதுச் சாணம் குளத்து நீரிற் சேராமற் காத்தல். மாடு மெலியத் தொடங்கும்போதே மருத்துவரிடம் காட்டுதல். இன்று இளம்புழுவையும் கொல்லும் மருந்துகள் உண்டு; காலந்தாழ்த்தினால் அவையும் பயன்படா. ஆச்சியின் மாமியார் காரணம் தெரியாமற் சொன்ன சொல்லுக்கு இப்பொழுது காரணம் தெரிந்துவிட்டது. குளத்து நத்தைகளையெல்லாம் அழிக்கலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டா என்றேன்.

ஊரை விட்டுப் புறப்படும் நாளில் குளத்தங்கரைக்குத் தனியே சென்றேன். நீர் பின்வாங்கிய இடத்தில் புல் அவ்வாண்டு போலவே பசுமையாயிருந்தது. கோரைத் தண்டொன்றில், நீண்ட உணர்கொம்புகளை முன்னே நீட்டிக்கொண்டு, பின்னங்கால்கள் நெடியனவாய், பழுப்பு ஈ ஒன்று தலைகீழாக அமர்ந்திருந்தது. ஹவாய்க்குச் சென்ற இனமன்று. நம் நாட்டு வயல்களுக்கே உரிய உறவினம் ஏதேனும் ஒன்றாதல் வேண்டும். என்னை அது பொருட்படுத்தவில்லை. யாரையும் தண்டிக்க அது அங்கே அமர்ந்திருக்கவில்லை. அதன் வேலை அதற்கு. நத்தையின் வேலை நத்தைக்கு. ஆச்சி சொற்கேட்டுப் பசுவைப் பொத்தைக்கு ஓட்டிச்செல்லுதல் என் வேலையாயிருந்தது. மூவருள் தன் வேலையிற் பிழைத்தவன் நான் ஒருவனே.

கல்லூரிக்குத் திரும்பியதும் நண்பரிடம் என் அட்டையைத் திருப்பித் தருமாறு கேட்டேன். "ஏன், இதனினும் கம்பீரமான பெயர் கண்டீரோ?" என்றார். இல்லை என்று கூறி, வேறோர் அட்டையில் சிறிய எழுத்துக்களில், "சதுப்பு ஈ. இதன் புழு நத்தையை உண்ணும்," என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை நோக்கினார். பிறகு ஒன்றும் கேளாமல் கிண்ணத்தின் கீழே வைத்தார். தை மாதக் கண்காட்சியில் அன்பர்கள் கண்டது அவ்வட்டையைத்தான்.